வேட்பாளருக்கும் ஒரு பெரட்டு

முத்தாக மேனியில் எழுந்து, நீராட்டியபின் குளிர்ந்து இறங்கும் தாயே, மாரியே, கடல் தாண்டி மலையேறிய எம் முன்னோரின் மூட்டைகளோடு வந்து இந்தத் தேயிலைச் சரிவில் கல்லாய் அமர்ந்தவளே, உன்னை முதலில் வணங்குகிறேன். நீ வந்த வீட்டின் வாசலில் வேப்பிலை கட்டி, வந்திருக்கிறாய் என்று ஊருக்கு அறிவிப்பது எங்கள் வழக்கம். ஒருவன் ஊருக்கு அறிவிக்க வேண்டியதை மறைத்தான். இன்னொருவன் அதற்கு உன் சந்நிதியிலேயே துணை நின்றான். அந்த இரண்டாமவன் இதை எழுதுகிறான். என் கை பொய் எழுதாதிருக்கக் காவல் நில். என் சினத்தை ஆற்றித் தா என்று நான் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் சில நாட்களுக்குத் தேவைப்படுகிறது.

அன்புள்ள மகனே, உன் தாயின் ஆண்டுத் திதிக்கு வந்த நீ, இலையில் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, பகல் பஸ்ஸில் ஏறிப் போனாய். அதன் பிறகு என்னுடன் நீ பேசவில்லை, நானும் பேசவில்லை. சென்ற வாரம் மருமகள் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைச் சொன்னாள். வைத்தியனாகிய நீ, தேர்தலில் நிற்கும் ஒருவரைப் பற்றி நோய்க்கதை பரப்பினாய் என்று முறைப்பாடு போயிருக்கிறதாம். உன்னை விசாரணைக்கு அழைத்திருக்கிறார்களாம். உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தை உறையிலிட்டு ஒட்டாமல் பத்திரிகைக்குக் கொடுப்பதன் காரணம் அதுதான். உன்மேல் விழுந்த பழிக்கு உரியவன் நான். அதை எல்லாரும் பார்க்க உன் தோளிலிருந்து இறக்கிவைக்க வேண்டும். இறக்கியபின், அதில் ஒரு பங்கை உரிய இன்னொருவர் தோளில் ஏற்றவும் வேண்டும். இரண்டாவது வேலைக்காகவே நான் உயிரோடு இருக்கிறேன் என்று சில காலைகளில் எனக்குத் தோன்றுகிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீ அறியாத பகுதி அதில் இருக்கிறது. சென்ற தேர்தலில் நம் தோட்டத்து வாக்குகளைக் கேட்டு நின்ற பெரியவரை நீ அறிவாய். நான் ஆசிரியனானது அவர் எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தால். நாற்பது ஆண்டுகள் அவரை 'ஐயா' என்றே அழைத்தேன். தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருந்தவர் உள்ளே திரும்பி, மாஸ்டருக்குக் காப்பி கொண்டுவரும்படி தம் மனைவியைப் பெயர் சொல்லி அழைத்தார். அந்த அம்மையார் இறந்து ஐந்து வருடமாகியிருந்தது. பாடையைச் சுமந்தவர்களில் நானும் ஒருவன். மறுமொழி வராததால் அவர் மறுபடியும் அழைத்தார். அருகே நின்ற செயலாளர் என்னைப் பார்த்துச் சிரித்து, ஐயாவுக்கு இப்போதெல்லாம் களைப்பு அதிகம் என்றார். அது களைப்பு இல்லையென்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது செயலாளருக்கும் தெரியும். வேறு யாரோ கொண்டுவந்த காப்பியை இருவரும் குடித்தோம்.

நம் தோட்டங்களில் தேர்தல் என்றால் கற்பூரச் சத்தியம் உண்டு. வேட்பாளர் கோயிலுக்கு வருவார். தட்டில் கற்பூரம் எரியும். அதை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இன்னாருக்கே வாக்கு என்று குடும்பத்துக்கு ஒருவர் சத்தியம் செய்வர். அப்படிச் செய்தவர் சொல் மாறினால் தாய் கேட்பாள் என்ற பயம் எங்கள் எலும்பில் இருக்கிறது. பெரியவர் நம் கோயிலுக்கு வந்த காலையில், கொழுந்து எடுக்கும் பாக்கியம் வரிசையிலிருந்து விலகி முன்னால் வந்தாள். பெரியவருக்கு நினைவு தப்புகிறது என்று ஊரில் பேச்சிருக்கிறதே என்றாள். செயலாளர் பதில் சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"நீங்க சொல்லுங்க மாஸ்டர். எங்க புள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்த வாயி. நீங்க சொன்னா சரி."

நான் தட்டை நெருங்கி, ஐயா திடமாக இருக்கிறார், தெளிவாக இருக்கிறார் என்று சொல்லிக் கற்பூரத்தை அடித்து அணைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று உன் தாய் பிறகு கேட்டாள். நன்றியென்றேன். பெரியவர் ஒருவரின் தளர்ச்சியைச் சபையில் சொல்வது மரபில்லை என்றேன். நான் கற்ற பாடல்களையெல்லாம் துணைக்கு அழைத்தேன். எத்தனை கற்றவனுக்கும் கோழைத்தனம் வரும்போது அவன் கல்வி ஓடிவந்து அதற்கு விசிறி வீசுகிறது, மகனே. அன்று அறுபது குடும்பம் என் கையைப் பின்பற்றிக் கற்பூரத்தில் கை வைத்தது.

பெரியவர் வென்றார். வென்றபின் அவரை யாரும் தனியாகப் பார்க்கவில்லை. கீழ் லயத்து வரிசை வீடுகளின் பின்சுவரில் வெடிப்புக் கண்டதும், மண் இறங்கும் இடம், குடிகளை இடம் மாற்றுங்கள் என்று அதிகாரிகள் வந்து சொல்லிப் போனார்கள். மேட்டில் தரிசாகக் கிடந்த நிலத்தைத் தோட்ட நிர்வாகத்திடமிருந்து கேட்டுப் பெற, பெரியவர் ஒரு கடிதம் கொடுத்து முன்னால் நின்று பேச வேண்டியிருந்தது. மனுவை எடுத்துக்கொண்டு நான் மூன்று முறை போனேன். முதல் முறை பெரியவர் என்னை எந்தத் தோட்டம் என்று கேட்டார், சொன்னேன். சற்று நேரத்தில் அதையே மீண்டும் கேட்டார். இரண்டாம் முறை அவரைக் காட்டவில்லை. மனுவை வைத்துவிட்டுப் போகும்படி செயலாளர் சொன்னார். மூன்றாம் முறை, கடிதம் என்னவாயிற்று என்று நான் சற்றுக் குரல் உயர்த்திக் கேட்டேன். அங்கிருந்தவர்களும் சிரிக்கும்படியாகச் செயலாளர் சொன்ன மறுமொழி இது:

"என்னா மாஸ்டர் அவசரம், மலை ஒங்கள வுட்டுட்டு எங்க ஓடப் போகுது?"

அந்த வருட மழையில் ஒரு காலை, வேலைக்குப் பெரட்டு கூடுகிற நேரத்தில், மலை ஓடியது. பாக்கியத்தின் மகள் பிரசவித்துப் பன்னிரண்டு நாள். குழந்தையைக் குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று உன் தாய் கீழ் லயத்துக்குப் போயிருந்தாள். மூவரையும் மண்ணிலிருந்து எடுத்த இடத்தில் நீயும் நின்றாய். அதை நான் எழுத வேண்டியதில்லை. அந்த மழைக்கால முடிவில் பெரியவரும் போய்விட்டார். அவர்மேல் எனக்குச் சினமில்லை. எங்களிடம் வாக்குக் கேட்டு வந்ததே அவருக்கு நினைவிருந்திராது. அவர் கையைப் பிடித்துக் கையொப்பமிட வைத்தவருக்கு எல்லாம் நினைவிருந்தது. வேண்டிய இடங்களுக்கெல்லாம் அந்தக் கை கையொப்பமிட்டது. எங்கள் கடிதத்தில் மட்டும் இடவில்லை. இன்று அந்தச் செயலாளர்தான் வேட்பாளர்; பெரியவரின் படத்துக்குப் பக்கத்தில் தம் படத்தைப் போட்டுச் சுவரெல்லாம் சிரிக்கிறார்.

இனித் திதியன்று நடந்தது. செயலாளர் மெலிந்துவிட்டார், கை நடுங்குகிறது, மாதமொருமுறை உங்கள் வைத்தியசாலைக்கு வருகிறார் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அதைக் கேட்ட நாள் முதல் என் பூசையில்கூட அது ஒரு தீபம்போல எரிந்துகொண்டிருந்தது. ஒரு வேட்பாளரின் நோயை மறைத்து உன் தாயை இழந்தேன். இன்னொரு வேட்பாளரின் நோயைத் திறந்து கணக்கைத் தீர்ப்பேன் என்று எண்ணினேன். இலையில் பாயசம் ஊற்றியபோது உன்னிடம் கேட்டேன். அவருக்கு என்ன வருத்தம்?

நீ சோற்றிலிருந்து கையெடுத்தாய். "யாரு வந்தாங்க, வரலன்னுகூட நான் சொல்ல மாட்டேன்ப்பா. அது அவங்கவங்க கொப்பி."

ஒவ்வொரு நோயாளியும் மடியில் கட்டாத குறையாகத் தூக்கிக்கொண்டு வருகிற, வைத்தியர் குறிப்பெழுதும் அந்தக் கிளினிக் கொப்பியைத்தான் சொன்னாய். நான் சொல்லக்கூடாததைச் சொன்னேன். தாயின் இலைக்கு முன்னால் உட்கார்ந்து தாயைக் கொன்றவனுக்குக் காவல் நிற்கிறாயா என்றேன். நீ அவள் இலையைப் பார்த்துச் சொன்னாய்.

"அம்மாவோட கொப்பியக்கூட நான் ஒங்களுக்குக் காட்டலையே. அப்பாவுக்குச் சொல்லாதன்னாங்க. ரெண்டு வருசம் சொல்லாமதான இருந்தேன்."

பிறகு எழுந்து கை கழுவப் போனாய். அவளுக்கு நோய் இருந்ததை அப்படித்தான் நான் அறிந்தேன், திருமணமாகி முப்பத்தெட்டு ஆண்டுகளும், இறந்து ஓராண்டும் கழித்து. என்ன நோய் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். என்னைத் தவிர்த்துவிட்டு மகனிடம் ஒப்படைத்தாளென்றால் அதற்கு அவளிடம் காரணம் இருந்திருக்கும். அந்தக் காரணமும் நானாக இருந்திருக்கலாம்.

ஆனால் அன்று இப்படி நிதானமாக நினைக்க என்னால் இயலவில்லை. மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்துப் பக்கமாக நடந்தேன். பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். பாக்கியமும் நின்றாள். மகளையும் பேரக்குழந்தையையும் ஒரே குழியில் வைத்த நாளிலிருந்து அவள் என்னிடம் பேசியதில்லை. அன்று, கூடையை இறக்கியபடியே, மற்றவர்களும் கேட்கப் பேசினாள்.

"மாஸ்டர், அன்னைக்குக் கற்பூரத்துல கைய வச்சீங்களே. சுட்டுச்சா?"

சுடவில்லை என்றேன். உண்மை அதுதான், வேகமாக அடித்தால் கற்பூரம் சுடாது. "எங்களுக்கும் சுடல" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்ற வெறி எனக்குள் எழுந்தது. கொடுக்க என்னிடம் இருந்தது ஒரு பொய். செயலாளருக்குப் பெரிய வியாதி, தேர்தல்வரை தாங்க மாட்டார் என்றேன். யார் சொன்னது என்று ஒருத்தி கேட்டாள். என் மகனிடம் கேட்டேன், அவன் மறுக்கவில்லை என்றேன். மகனே, நீ காத்த மௌனத்தை எடுத்து, அதற்கு வாய் வைத்து, அந்த வாயால் பேசினேன். அந்த வாரத்திலேயே லிந்துலையில் அது சிறுநீரக நோயாயிற்று. டயகமவில் இதய நோயாயிற்று. ராகலைக்குப் பஸ் போய்ச் சேர்வதற்குள் ஆளே போய்விட்டாராம், கட்சிக்காரர்கள் மறைக்கிறார்களாம். சிரிக்கத்தான் தோன்றும். நானும் சிரித்தேன்; மருமகள் அழைக்கும்வரை.

ஆகவே யாவரும் அறியச் சொல்கிறேன். என் மகன் எந்த நோயாளியைப் பற்றியும் என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. அந்த வேட்பாளர் அவனிடம் வைத்தியம் பார்த்தாரா என்பதே எனக்குத் தெரியாது. அவருக்கு நோய் உண்டென்று நான் சொன்னது என் மனம் கட்டிய கதை. விசாரணையில் இந்தக் கடிதத்தைக் கொடு. அதற்குமேல் ஒன்றும் பேசாதே. உன்னைக் காத்துக்கொள்ளக்கூட அவருடைய கொப்பியைப் பற்றி வாய் திறக்காதே. என் பழிவாங்கல் உன் நாவின் வழியாக நிறைவேறுவதை உன் தாய் விரும்ப மாட்டாள்.

இதை ஒரு மன்னிப்புக் கடிதமென்று அந்த வேட்பாளர் மடித்துப் பைக்குள் வைத்துவிட வேண்டாம். மன்னிப்பு உன்னிடம் கேட்கிறேன். அவரிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. கேள்வி ஒன்று மட்டும் இருக்கிறது. காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்த வரிசையில், முந்தினநாள் வராத ஒருத்தியைக் கணக்கப்பிள்ளை நிறுத்திக் கேட்பதை நீ சிறு வயதில் பார்த்திருக்கிறாய். என்னா நேத்துக் காணோம் என்பார். மேலுக்கு முடியல ஐயா என்பாள். மேலுக்குன்னா எங்க என்பார். ஆண்கள் நிற்பார்கள், அவள் மகன் வயதுப் பிள்ளைகள் நிற்பார்கள். உடம்பில் எந்த இடம், எத்தனை நாளாக என்று அவள் சொல்லித் தீர வேண்டும். அதன்பிறகே அன்றைய வேலைக்கணக்கில் அவள் பெயர் விழும். ஒருநாள் கொழுந்து எடுப்பதற்கு அவள் உடம்பு இத்தனைபேர் முன்னால் விசாரிக்கப்படுகிறது. அவளையும் அவளைப்போன்ற ஆயிரம் பேரையும் ஐந்து வருடம் சுமக்கிறேன் என்று வருகிறவரை, உங்களுக்கு மேலுக்கு எப்படி என்று கேட்டால் அநாகரிகமாம். அவளுக்கு ஒரு பெரட்டு உண்டென்றால் அவருக்கும் ஒன்று வேண்டும்.

நீ சொல்லப்போவதை நான் அறிவேன். இன்று தலைவர்களின் கொப்பியைத் திறந்தால் நாளை தொழிலாளியின் கொப்பியையும் திறப்பார்கள் என்பாய். திறந்துதான் கிடக்கிறது என்றாலும், உன் அச்சம் நியாயமானது. உடற்குறை உள்ளவன் ஆளத் தகாதவன் என்ற பழைய வழக்கை எடுத்துக்காட்டி உன்னை நான் மடக்கவும் மாட்டேன். அது கொடிய வழக்கு. நடக்க இயலாதவர் நமக்காக நன்றாகப் பேசலாம். ஊசி போட்டுக்கொண்டு வாழ்பவர் நல்ல சட்டம் எழுதலாம். பல நாள் யோசித்து, உன் தாயிடமிருந்தே எனக்கு விடை கிடைத்தது. அவள் தன் நோயை மறைத்தாள்; அவள் யாரிடமும் வாக்குக் கேட்கவில்லை. கேட்கிறவர் தம் போர்வையில் ஒரு முனையை விலக்கித்தான் ஆக வேண்டும், அந்த முனையை மட்டும். கட்சி சாராத வைத்தியர் சிலர் பார்த்துச் சொல்லட்டும். நோயின் பெயர் எங்களுக்கு வேண்டாம். வைக்கப்படும் மனுவைப் படித்து விளங்கிக்கொள்வாரா, நேற்றுச் சொன்னது இன்று நினைவிருக்குமா, இடுகிற கையொப்பம் அவருடையதுதானா, இயலாமற்போனால் அந்த இடத்தில் யார் நிற்பார் என்பதை மட்டும் சொல்லட்டும். இது இருந்திருந்தால் நான் கற்பூரத்தில் பொய் சொல்லியிருக்க இயலாது. இது இருந்திருந்தால் நான் கட்டிய நோய்க்கதையும் லிந்துலையைத் தாண்டியிருக்காது. மூடிய கதவின் இருபுறமும் பொய் சொன்னவன் நான். அந்தக் கதவைப் பற்றி எனக்குத் தெரியும்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், செயலாளர் விடயத்தில் இந்த அளவோடு என் மனம் அமைவதில்லை. அவருடைய கொப்பியின் ஒவ்வொரு தாளையும் கோயில் வாசலில் ஒட்ட வேண்டும் என்று அது கேட்கிறது. நாள்தோறும் மூன்று காலப் பதிகம் பாடுகிற வாயின் பின்னால் அப்படியொரு மனம் இருக்கிறது. அதனால்தான் விதியை என் பகைக்கு ஏற்றபடி அளக்காமல், நாளை நீ நின்றாலும் உன்மேல் போடத்தக்க அளவில் அளந்தேன். பகைக்கு வேறு வழி வைத்திருக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை அவர் நம் கோயிலுக்குச் சத்தியம் வாங்க வருகிறார். ஆலயத் தலைவன் என்ற முறையில் கற்பூரத் தட்டு என் கையில் இருக்கும். அதை நான் ஏற்ற மாட்டேன். இந்தச் சந்நிதியில் இனி எந்த வேட்பாளருக்கும் கற்பூரம் எரியாது என்று முதலில் சொல்வேன். பிறகு, சென்ற முறை நான் செய்தது பொய்ச் சத்தியம் என்று சொல்வேன். பாக்கியத்தின் பெயரைச் சொல்லி, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதன்பின், அன்று காப்பி குடித்த மற்றவர் இதோ நிற்கிறார் என்று கை நீட்டுவேன். இறந்த மனைவியைப் பெரியவர் அழைத்ததையும், இவர் சிரித்ததையும், மலையைப் பற்றி இவர் சொன்ன சொல்லையும், அவர் வாயிலிருந்து வந்தபடியே, ஓரெழுத்தும் குறையாமல் சொல்வேன். எனக்குக் கல்லடி விழலாம், விழட்டும். ஆலயப் பொறுப்பு போகும்; போகட்டும். நான் விழுவதில் எனக்கு வருத்தமில்லை, அவர்மேல் விழுந்தால் போதும். என்னைத் தடுக்க நீ பஸ் ஏற வேண்டாம். அன்று உனக்குக் கிளினிக் நாள்; உன் வாசலில் காத்திருப்பவர்கள் என்னைவிட உனக்கு உரியவர்கள்.

தாய் உன்னைக் காக்கட்டும். நீ வாய் மூடிக் காத்த இரகசியங்கள் எல்லாம் உனக்கும் மருமகளுக்கும் புண்ணியமாகச் சேரட்டும். உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் வெடிப்பில்லாத சுவருக்குள் உறங்கட்டும். இதை வாசிக்கும் வீடுகள்தோறும் அடுப்பு எரியட்டும். அங்கே நோயுற்றவர் நாணமின்றி வைத்தியம் பெறட்டும். வாக்குக் கேட்டு வருபவரைக் கண்ணுக்கு நேராகப் பார்த்து, மேலுக்கு எப்படி என்று கேட்கும் துணிவு அங்குள்ள பெண்களுக்கு வரட்டும். செயலாளர் வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குவார்கள் என்பதால் அந்த வீட்டையும் சேர்த்தே வாழ்த்துகிறேன். அவருக்கு ஒரு நோயும் அணுகாதிருக்கட்டும். தாய் அவருக்கு நூறாண்டும், கடைசி நாள்வரை தெளிந்த நினைவும் தரட்டும். அவர் எதையும், ஒன்றையும், மறவாதிருக்கட்டும்.